மோட்டார் சைக்கிளுக்கு ஆட்டுத்தலை

எங்கள் தெருவில் தாஷ்தானைவிட எனக்கு வயது அதிகம், தாடி அதிகம், மாடும் ஒன்று அதிகம். ஆனால் அவன் முற்றத்தில் வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் மூன்று நின்றன. என் முற்றத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்கு நேர்ந்த அத்தனையும் இதிலிருந்து வந்ததுதான்.

கிர்கீஸ் நாட்டில், ஓஷ் நகரத்துக்கு மேலே, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். பனி விழுந்து பாதை மூடுவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் இதுவரை ஓட்டி வந்துவிடுவார்கள். அதற்குள் அவர்கள் விடுப்பு முடிந்துபோகும். ஜெர்மனிக்கோ ஹாலந்துக்கோ திரும்ப ஓட்டிப் போக நாள் இருக்காது. வண்டியை யார் வீட்டிலாவது விட்டுவிட்டு விமானத்தில் பறந்து விடுவார்கள். அடுத்த கோடையில் வந்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார்கள். ஒரு பயணத்தை ரொட்டி மாதிரி பிய்த்துப் பிய்த்துத் தின்கிற ஆட்கள். அது அவர்கள் பாடு.

எனக்குப் பொறுக்காதது தாஷ்தான். வாசலில் இங்கிலீஷில் ஒரு பலகை மாட்டியிருந்தான். வந்தவர்கள் அவன் முற்றத்து மரக்கட்டிலில் உட்கார்ந்து ஆப்ரிகாட் பழம் தின்றார்கள். அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். அதில் ஒரு படத்தின் மூலையில் என் மாட்டின் பின்புறம் விழுந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அதுவரை கிடைத்த வெளிநாட்டுப் புகழ் அவ்வளவுதான்.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் சந்தையில் ஒரு ஜெர்மன்காரன் சம்சா என்கிற கறி அப்பம் விற்கும் கடை முன்னால் நின்று, அரைகுறை ருஷ்ய மொழியில் தாஷ்தான் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தான். பெயர் ஹோல்கர். பக்கத்தில் சாம்பல் நிறத்தில், கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் தகரப் பெட்டியோடு நின்றது.

"தாஷ்தான் வீட்டுல எலி ஜாஸ்தி. ஒயரு, ரப்பரு எல்லாம் தின்னும். என் வீட்டுல எலி கிடையாது" என்றேன்.

"ஏன் கிடையாது?"

"எல்லாம் தாஷ்தான் வீட்டுக்குப் போயிடுச்சு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வண்டி என் வீட்டுக்கு வந்தது. தெருவை ஒரு சுற்று அதிகமாகவே சுற்றிக் கூட்டிவந்தேன்.

ஹோல்கர் ஊருக்குப் போவதற்கு முன்னால் சுங்க அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்றான். சட்டப்படி நடக்கிற ஆள். அங்கே புதிதாக ஒரு பிரிவு திறந்திருந்தார்கள். பெயர்: தற்காலிக வாகன விருந்தோம்பல் பிரிவு. தலைவர் ஒமுர்சாகோவ். அவர் மேசைமேல் மூன்று தொலைபேசி இருந்தது. ஒன்றுக்கும் ஒயர் இல்லை.

"உக்காருங்க அக்சகால்" என்றார். வெள்ளைத் தாடிக்கு எங்கள் ஊரில் கிடைக்கிற மரியாதை அந்த ஒரு சொல்தான். "சட்டம் என்ன சொல்லுது? வண்டியோட வந்தவன் வண்டியோடதான் போகணும். அவன் மட்டும் போனா வண்டி அநாதை. ஒரு அநாதையை நம்ம அரசாங்கம் கைவிடுமா?"

"விடாதுங்க."

"விடும். ஆனா வரி வாங்கிட்டுத்தான் விடும். அதனாலதான் கேக்கறேன். நிதானமாச் சொல்லுங்க. இது சரக்கா, விருந்தாளியா? சரக்குன்னா வண்டி விலைக்குச் சமமா வரி. விருந்தாளின்னா ஒரு சோம் காசுகூட வேண்டாம்."

நான் எட்டாவதோடு நின்றவன். காகிதத்தை நம்பாதவன், காகிதத்தோடு வருகிறவனை அதைவிட நம்பாதவன். ஆனாலும் எங்கள் ஜனத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்த ஒன்றை, முகத்துக்கு நேரே சரக்கு என்று சொல்ல எங்கள் நாக்குக்கு வராது.

"விருந்தாளிங்க" என்றேன்.

ஒமுர்சாகோவ் எழுந்து நின்றார். ஜன்னல் வழியாக வெளியே நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து வணங்கினார். என்னைப் பார்த்து வைக்கவில்லை. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

சக்கரத்திலிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரு கயிற்றைக் கோத்து, அதில் நகம் அளவு ஈய முத்திரை அடித்தார்கள். ஹோல்கர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் பறந்துபோனான்.

முதல் பரிசோதனைக்கு ஒமுர்சாகோவ் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். வண்டியைத் தொழுவத்தில், மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். வெயில் படாது, மழை படாது. மாடும் ஒன்றும் சொல்லவில்லை.

"விருந்தாளியை மாட்டோட படுக்க வெச்சிருக்கீங்க" என்றார்.

"அது மோட்டார் சைக்கிள்ங்க."

"விருந்தாளின்னு கையெழுத்துப் போட்டது யாரு? நானா?" வண்டியின் கண்ணாடிக் கம்பியில் என் வெள்ளைக் கம்பளித் தொப்பி தொங்கியதைப் பார்த்தார். "விருந்தாளியை ஆணியா வேற பயன்படுத்துறீங்க. எழுதிக்கோ."

உதவியாளர் எழுதிக்கொண்டார். மாடு வெளியே போனது. குளிரில் பாலைக் குறைத்துக்கொண்டது. அதற்குச் சட்டம் தெரியாது, ஆனால் நியாயம் தெரியும்.

அடுத்த பரிசோதனையில் தொழுவமும் ஆகாது என்றார்கள். அப்புறம் வாசல் அறை. அதுவும் ஆகாது. ஒமுர்சாகோவ் எங்கள் வீட்டு நடுவில் நின்று பேசினார். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"அக்சகால், வெளிநாட்டுக்காரன் நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்? நம்மகிட்ட எண்ணெய் இல்ல, கடல் இல்ல. இருக்கறது விருந்தோம்பல் ஒண்ணுதான். அதையும் கதவோரத்துல வெக்கலாமா? விருந்தாளியை எங்க உக்கார வெப்போம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீடுகளில் கதவுக்கு நேரெதிர்ச் சுவரோரம், மெத்தை அடுக்குக்கு முன்னால் இருக்கிற இடத்துக்குத் தோர் என்று பெயர். வீட்டின் உச்சி அது. மரியாதைப்பட்டவர் அங்கே. மற்றவர்கள் தகுதிப்படி கீழே கீழே இறங்கி, கடைசி ஆள் செருப்புகளுக்குப் பக்கத்தில். என் அப்பா செத்த நாளிலிருந்து அந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்தேன். சுவரில் என் முதுகு பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு வழுவழுவென்று ஆகியிருந்தது.

அங்கே மோட்டார் சைக்கிளை ஏற்றினார்கள். நான் கதவோரம் போனேன். பனிக்காலம் முழுக்க, கதவு திறக்கும்போதெல்லாம் காற்று முதலில் என்னைத்தான் விசாரித்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் கிழவி பூபூசாரா செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நல்ல கம்பளி விரிப்பை எடுத்து அதற்கு அடியில் போட்டாள். சீதனமாக வந்த பட்டு மெத்தையை அதன்மேல் போர்த்தினாள்.

"பாவம், குளிரும்" என்றாள்.

"எனக்கு?"

"உனக்குத்தான் தாடி இருக்கே."

தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைப்பாள். விளக்குக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடமாட்டாள்.

"கல்யாணமான நாள்லேருந்து ஒரு தடவை என் காதுக்குப் பின்னால துடைச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"நீ அசையாம நின்னிருக்கியா?"

தேநீர்க் கிண்ணத்தோடு அதன் எதிரில் உட்கார்ந்து மெலிஸைப் பற்றிப் பேசுவாள். மெலிஸ் எங்கள் மகன். மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனவன், அங்கே வேலைக்கு வந்திருந்த எங்கள் நாட்டுப் பெண்ணையே கல்யாணம் செய்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் வாங்கி அங்கேயே நின்றுவிட்டான். அவன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தது, கழுதையிலிருந்து விழுந்தது எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளுக்குச் சொல்வாள்.

"என்கிட்டச் சொல்லேன்டி. எனக்கும் அவன் மகன்தானே."

"நீ பாதியில எழுந்து மாட்டைப் பாக்கப் போயிடுவே. இது கேக்குது."

தாஷ்தான் சுவருக்கு மேலே தலை நீட்டி விசாரிப்பான்.

"ஜோல்டோஷ் அண்ணே! விருந்தாளி எழுந்தாச்சா? தேத்தண்ணி குடிச்சாரா?"

"உன் வீட்டுல மூணு நிக்குதே, உன்கிட்ட ஏன்டா சுங்கக்காரன் எவனும் வர்றதில்ல?"

"என்கிட்ட வண்டி ஏது? அரசாங்கக் கணக்குல என் வீடு கோழிப்பண்ணை. பலகைய இங்கிலீஷ்ல ஏன் எழுதினேன்னு நெனச்சே? அதிகாரி படிக்கக் கூடாதுன்னுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே மூன்று மோட்டார் சைக்கிள், மேலே கோழிகள். அவன் தன் வீட்டுத் தோரில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

பனி உருகத் தொடங்கியபோது மெலிஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். வசந்தத்தில் மனைவியோடு வருகிறானாம். பேரன் எல்தாரையும் கூட்டி வருகிறானாம். குழந்தையை முதன்முதலாகத் தொட்டிலில் போடும் விருந்தை இங்கேயே வைக்க வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிலில் போடுவதற்கு முன்னால், தோரில் இருக்கிற மூத்தவர் மடியில் குழந்தையை வைப்பார்கள். என்னை என் தாத்தா மடியில் வைத்தார்கள். மெலிஸை என் அப்பா மடியில் வைத்தார்கள். பேரன் மாஸ்கோவில் பிறந்தான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என் மடி காத்துக்கொண்டிருந்தது. இப்போது மடி இருக்கிறது, இடம் இல்லை.

சுங்க அலுவலகத்துக்கு ஓடினேன்.

"ஒரே ஒரு நாள், அதை முற்றத்துல வெச்சுக்கறேனுங்க. சாயங்காலம் திரும்ப ஏத்திடறேன்."

ஒமுர்சாகோவ் கண்ணை மூடினார். "விசேஷ நாளில் விருந்தாளியை வெளியே வெக்கறதா? நீங்க கிர்கீஸ்காரர்தானே?"

"பேரனை மடியில வெக்கணுங்க."

"மடியை யாரு வேண்டாம்னது? இடம்தான் அரசாங்கத்தோட பொறுப்பு. சொந்தக்காரன் வந்து கையெழுத்துப் போடட்டும், அடுத்த நிமிஷம் எடுத்துக்கலாம்." அப்புறம் கண்ணைத் திறந்தார். "விருந்து என்னைக்கு? நாங்களும் வரணும். இவ்வளவு பேர் கூடுற இடத்துல விருந்தாளிக்குக் குறை வந்துடக் கூடாது. ஆடு கொழுத்ததுதானே?"

ஹோல்கர் ஜூனில்தான் வருவேன் என்று செய்தி அனுப்பினான். கூடவே ஒரு படம்: மோட்டார் சைக்கிளுக்கு முத்தம்.

ஆப்பிள் பூத்திருந்த நாளில் விருந்து. வீடு நிறைய ஜனம். மருமகளின் அப்பா, மலைக்கு அந்தப் பக்கம் நாரின் நகரத்திலிருந்து வந்த என் சம்பந்தி, மலை மாதிரி உடம்பும் இடி மாதிரி குரலும் உள்ளவர், தோரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அது என்ன?"

"விருந்தாளி" என்றேன்.

"அப்ப நான்?"

மோட்டார் சைக்கிளுக்கு வலப்பக்கம் ஒமுர்சாகோவ் உட்கார்ந்தார். அவருக்குக் கீழே உதவியாளர்கள். அதற்குக் கீழே சம்பந்தி, முறைத்துக்கொண்டு. அதற்கும் கீழே தாஷ்தான். தாஷ்தானுக்கும் கீழே, என் வீட்டில், என் பேரன் விருந்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நான்.

வெந்த ஆட்டுத்தலை தட்டில் வந்தது. தலை யாருக்கு என்பதில் எங்கள் ஊரில் குழப்பமே வராது. வந்தவர்களில் பெரியவருக்கு. மெலிஸ் அதைத் தன் மாமனார் பக்கம் கொண்டுபோனான். ஒமுர்சாகோவ் கையை உயர்த்தினார்.

"தம்பி, ஒரு நிமிஷம். நாரின் எவ்வளவு தூரம்? ஜெர்மனி எவ்வளவு தூரம்? தூரத்திலிருந்து வந்தவருக்குத்தான் தலை. இதுல என் சொந்த விருப்பம் ஒண்ணும் இல்ல. எனக்குத் தலைக்கறின்னா உயிரு, அது வேற விஷயம்."

தலையை மோட்டார் சைக்கிளின் இருக்கைமேல் வைத்தார்கள். எல்லாரும் காத்திருந்தோம். அது சாப்பிடவில்லை.

"விருந்தாளிக்குப் பசி இல்ல போல" என்றார் ஒமுர்சாகோவ். "விருந்தாளி சாப்பிடாததை அரசாங்கம்தான் பொறுப்பெடுத்துக்கணும்." தலையைத் துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சம்பந்தியின் மூக்கு விடைத்தது. "என் பேரனை யார் மடியில வெக்கப் போறீங்க?" என்று உறுமினார்.

"வழக்கம் என்ன?" என்று கேட்டார் ஒமுர்சாகோவ்.

"தோர்ல இருக்கறவர் மடியில" என்றாள் பூபூசாரா. சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ஒமுர்சாகோவ் எழுந்து மருமகளிடமிருந்து குழந்தையை வாங்கினார். "பிரமாதம்! ரெண்டு நாட்டு நட்பு! படம் எடுங்கப்பா, தலைநகரத்துக்கு அனுப்பணும்." என் பேரனை மோட்டார் சைக்கிள் இருக்கையில் உட்காரவைத்து, தன் ஒரு விரலால் முதுகைத் தாங்கிக்கொண்டு, படத்துக்குச் சிரித்தார்.

ஆட்டுக்கொழுப்பின் ஈரம் இன்னும் காயாத இருக்கை அது. பையன் வழுக்கினான். வழுக்கியவன் கைக்கு அகப்பட்ட கயிற்றைப் பிடித்து இழுத்தான். பனிக்காலம் முழுக்க நான் மூச்சு விடவும் பயந்த அந்த முத்திரை, பால் பல் மாதிரி கழன்று வந்தது. அதை அவன் வாயில் போட்டுக்கொண்டான்.

தரையில் விரித்த விருந்துத் துணிமேல் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ரொட்டி, தேன், கறித்தட்டு எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஓடினேன். தாஷ்தானின் கையையும் மிதித்தேன். அதுவும் வழியில்தான் இருந்தது. பையனைப் பறித்து, வாய்க்குள் விரலை விட்டு, ஈயத்தை வெளியே எடுத்தேன். அப்படியே சக்கரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தேன். குழந்தை என் மடியில் இருந்தது. என் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நான் தோரில் உட்கார்ந்திருந்தேன்.

"முத்திரை உடைஞ்சுடுச்சு!" என்று ஒமுர்சாகோவ் கத்தினார். "உடைச்சது யாரு?"

"இவன்" என்றேன்.

"எங்க பிறந்தான்?"

"மாஸ்கோவில்" என்றான் மெலிஸ். "ருஷ்யக் குடியுரிமைங்க."

ஒமுர்சாகோவின் குரல் சட்டென்று மாறியது. பேனாவை எடுத்தார். என் மடியைப் பார்த்துக் கேட்டார்: "வெளிநாட்டிலிருந்து வந்திருக்கு. தற்காலிகமா உங்க வீட்டுல விட்டிருக்காங்க. அப்ப முறைப்படி கேக்கணும் அக்சகால். இது சரக்கா, விருந்தாளியா?"

போன முறை ஒரு மரியாதையான பதில் சொல்லி, ஒரு பனிக்காலத்தைக் கதவோரம் கழித்தவன் நான்.

"ரெண்டும் இல்ல. வீட்டுக்காரன்."

அவர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே."

"அப்ப எழுதாதீங்க."

அவர் உதவியாளர்களோடு மூலையில் ஒதுங்கிக் குசுகுசுத்தார். திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வெளிநாட்டு வண்டியோட முத்திரையை உடைச்சிருக்காரு. இது ரெண்டு வெளிநாடுகளுக்கு நடுவுல உள்ள தகராறு. நம்ம அரசாங்கம் தலையிடாது. முத்திரை இல்லாததால இந்த வண்டி எங்க பிரிவுல இல்ல. எங்க பிரிவுல இல்லாதது நாட்டுக்குள்ளயே இல்ல. எனக்கு இங்க எந்த வண்டியும் தெரியல."

"தெரியலையா?" என்று சம்பந்தி எழுந்தார். "அப்ப பைக்குள்ள இருக்கற தலை யாரோடது?"

ஒமுர்சாகோவ் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். சம்பந்தி அதைப் பிரித்து, துணியை அவிழ்த்து, தலையைத் தன் தட்டில் வைத்து, காதை அறுத்து மருமகனிடம் நீட்டினார். "இல்லாத விருந்தாளிக்கு இல்லாத தலை. உக்காருங்க சார், ரொட்டி சாப்பிடுங்க."

அவர்கள் போன பிறகு வண்டியை முற்றத்துக்குத் தள்ளினோம். விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பூபூசாரா அதைக் கழுவ விடவில்லை. அதன்மேல்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கும் அதன்மேல்தான்.

ஜூனில் ஹோல்கர் வந்து, நாட்டில் இல்லாத வண்டியை ஏறி ஓட்டிக்கொண்டு போனான். எல்லையில் அவனை எப்படி விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இலைகள் உதிர்ந்ததும் மறுபடி வந்தான். பூபூசாரா பட்டு மெத்தையை வெயிலில் உலர்த்திவைத்திருந்தாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. தாஷ்தான் வாசலில் நின்றது.

சாயங்காலம் ஹோல்கர் மிட்டாயோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜோல்டோஷ், நடந்ததையெல்லாம் தாஷ்தான் போன்ல சொன்னான். நீ கதவுகிட்டப் படுத்தியாமே. எனக்கு வெட்கமா இருக்கு. இனிமே உனக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் தாஷ்தான் தார்ப்பாயை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. இப்போது நான்கு. பூபூசாரா தினமும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறாள். போய் வர ஒரு நாழிகை ஆகிறது. என்னிடம் ஒரு நாழிகை சேர்ந்தாற்போல் அவள் பேசியதே கிடையாது. நான் அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன், யார் பார்க்கிறார்கள்?

பனி விழுவதற்கு முன்னால் தாடியைச் சீவிக்கொண்டு, வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போனேன். ஒமுர்சாகோவ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சார், எங்க தெருவுல நாலு விருந்தாளிங்க கோழிக்கூண்டுக்குக் கீழ படுத்திருக்காங்க. தலைமேல எச்சம்."

அவர் எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்து வணங்கினார். இந்த முறை என்னைப் பார்த்து.

தாஷ்தான் வீட்டுத் தோர் குறுகலானது. இரண்டு வண்டிக்கு மேல் கொள்ளாது. மற்ற இரண்டையும் அவன் எங்கே உட்காரவைக்கிறான் என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் குளிரிலும் வாசலில் நாற்காலி போட்டிருக்கிறேன்.